ஸ்டெப்னி இறங்கும் நாள்

அத்தியாயம் ஏழு

மசாஜ் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்த கொசு, "என்ன அண்ணி இது, பல்லா?" என்றான்.

"நகம்," என்றாள் அண்ணி.

கொசு சட்டென்று நிமிர்ந்தான். மேசை விளிம்பு நச்சென்று தலையில் இடித்தது.

மேசை விரிப்பில் ரத்தம் ஒரு தட்டு அகலத்துக்கு ஊறி, ஓரத்தில் கறுக்க ஆரம்பித்திருந்தது. பக்கத்தில் ஒரு மர பெஞ்சை இழுத்துப் போட்டு, அதன் மேல்தான் கோல்கீப்பரின் வலது கையை வைத்துக் கட்டியிருந்தார்கள். பெஞ்சில் மூன்று பள்ளங்கள் வரிசையாக இருந்தன. மூன்று அடி, மூன்று விரல், ஒன்றுகூடக் குறி தவறவில்லை.

கொசுவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. ஒல்லி உடம்பும், அடுத்தவர் காதோரம் ஓயாமல் பேசுகிற வாயும் சேர்ந்து இந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தன. அவன் அண்ணன் கப்பலில் சமையல்காரர், வருஷத்தில் பத்து மாதம் தண்ணீரில் இருப்பார். அண்ணி பதினாலு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் உட்கார்ந்து, உடைந்ததாகச் சொல்லி வந்த கால்களெல்லாம் நிஜமாகவே உடைந்தவையா என்று பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறாள். கொழுந்தன் உதவியாளன். அந்த வேலையில் சம்பளம் உண்டு, மரியாதைதான் கொஞ்சம் பாக்கி.

"கேஸ் முடிஞ்சு போச்சும்மா," என்றார் வாசலில் நின்ற இன்ஸ்பெக்டர். இடது கையில் ஒரு பாலித்தீன் உறை, அதற்குள் ரத்தம் ஒட்டிய மரச்சுத்தியல். "மைதானத்துல கொடி நடுற சுத்தியல். ஸ்டெப்னியோட லாக்கருக்குப் பின்னாடி இருந்துச்சு. காலைல எட்டு மணிக்கு இது நடந்தப்ப கட்டடத்துல இருந்ததும் அவன்தான். ஜீப் வெளியே போயிருக்கு. மூணு மணிக்கு வந்ததும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

மணி இரண்டு. நாலு மணிக்கு ஆட்டம்.

அந்த ஆட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இது இரண்டாம் டிவிஷன் கிளப். சீசனுக்கு முப்பது ஆட்டம், இருபத்தொன்பது முடிந்துவிட்டது. இன்று ஜெயித்தால் கிளப் பிறந்த நாளிலிருந்து எட்டிப் பார்க்காத முதல் டிவிஷன். தோற்றாலோ டிரா செய்தாலோ அடுத்த வருஷமும் இதே ஓட்டை ஷவர்தான். அணிப் பட்டியலில் கோல்கீப்பர்கள் இரண்டே பேர். முதல் ஆள் கரடி. அவர் விரல்கள்தான் நொறுங்கியிருந்தன. இரண்டாவது ஆள் ஸ்டெப்னி. முப்பத்தாறு வயது. சீசன் முழுக்க பெஞ்சில் உட்கார்ந்தே வந்தவர். இன்றோடு ஒப்பந்தம் முடிகிறது, அதன் பிறகு வேறு எந்த கிளப்பும் கூப்பிடப் போவதில்லை. அவரை ஜீப்பில் ஏற்றிவிட்டால் கோலில் நிற்க ஆளில்லை.

"அவனையும் கூட்டிட்டுப் போயிட்டா கோல்ல யாரை நிறுத்துறது? கம்பத்தையா?" என்று கோச் பாதைக்கும் அறைக்குமாக நடந்துகொண்டிருந்தார். தலையில் இருந்த கொஞ்சநஞ்ச முடியையும் அவரே பிடுங்கிவிடுவார் போலிருந்தது.

அண்ணியைக் கூப்பிட்டது ஸ்டெப்னியின் மனைவி. "அவரு எறும்பைக்கூட ஊதித்தான் தள்ளுவாரு அக்கா," என்று போனில் அழுதிருந்தாள். அழுகிறவர்களை அண்ணி உடனே நம்புவதில்லை. ஆனால் வந்துவிடுவாள்.

கரடி ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டு, படுக்கச் சொன்ன டாக்டரைத் திட்டிவிட்டு, மைதானத்துக்கே திரும்பியிருந்தார். டிரஸ்ஸிங் ரூம் மூலையில் கையை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பெயருக்கு ஏற்ற ஆள். கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை மயிர் அடர்ந்திருந்தது.

"மேட்ச் அன்னிக்கு நான்தான் முதல்ல வருவேன். மேசைல குப்புறப் படுத்து, காதுல பாட்டை மாட்டிக்கிட்டுத் தூங்குவேன்," என்றார். "திடீர்னு பந்து போடுற சாக்கு தலைல விழுந்துச்சு. பின்மண்டைல ஒரு அடி. முழிச்சப்ப கை ரெண்டையும் கட்டியிருந்துச்சு. அப்புறம் ஒண்ணு... ரெண்டு... மூணு."

"எதாவது பேசினானா?"

"ஒரு வார்த்தை பேசலை. ஒவ்வொரு அடிக்கும் நடுவுல மூக்கை உறிஞ்சினான்."

"சளி பிடிச்ச கொலைகாரன்," என்றான் கொசு.

"நான் இன்னும் சாகலைப்பா," என்றார் கரடி.

"எதுல கட்டியிருந்துச்சு?"

"டேப்பு. கணுக்கால்ல ஒட்டுவோமே, அந்த வெள்ளை டேப்பு. சலவை அக்காதான் ஒன்பது மணிக்கு வந்து கத்தரிக்கோலால வெட்டி விட்டாங்க."

அண்ணி அவருடைய இரண்டு மணிக்கட்டையும் ரொம்ப நேரம் பார்த்தாள். நகைக்கடையில் வளையல் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு டேப் சுருளை எடுத்தாள்.

"கொசு, கையைக் காட்டு."

"எதுக்கு அண்ணி?"

"காட்டு."

காட்டினான். அண்ணி மூன்று சுற்று இறுக்கிச் சுற்றினாள். பத்து எண்ணினாள். ஒரே இழுப்பில் பிய்த்தாள்.

கொசு போட்ட சத்தத்தில் பாதையில் நடந்த கோச் ஓடி வந்து எட்டிப் பார்த்தார். கொசுவின் கையில் இருந்த கொஞ்சம் முடியும் டேப்போடு போய்விட்டது. ஒரு வளையம் சிவந்து கன்றியிருந்தது.

"கொழுந்தனுக்குக் கேட்க நாதியில்லைன்னு நினைச்சுட்டீங்களா? அண்ணன் வரட்டும்!"

"உன் கையைப் பாரு. அவர் கையைப் பாரு."

கொசு பார்த்தான். கரடியின் மணிக்கட்டில் ஒரு முடிகூடக் குறையவில்லை. சிவப்பும் இல்லை. மூன்று விரலைக் கூழாக்கியவன், மணிக்கட்டில் ஒரு முடியைக்கூடப் பிடுங்கவில்லை.

சலவை அக்காவின் அறை பாதையின் கடைசியில் இருந்தது. போகும் வழியில் சுவரில் கோச் கைப்பட எழுதிய சீசன் அட்டவணை. ஒவ்வொரு வாரமும் எத்தனையாவது இடம் என்று சிவப்பு மையில் குறித்திருந்தார். அண்ணி அங்கே நின்றுவிட்டாள்.

"இதுக்கு முன்னாடி யாருக்காவது அடிபட்டுச்சா?"

கோச் விரலால் காட்டினார். ஒன்பதாவது வாரம், மாடிப்படியில் யாரோ கொட்டிய எண்ணெயில் வழுக்கி ஒரு முன்னணி ஆட்டக்காரருக்குக் கால் முறிந்தது. பதினெட்டாவது வாரம், முகமூடி போட்ட ஒருத்தன் கார் நிறுத்துமிடத்தில் இரும்புக் கம்பியால் புல்டோசரின் முட்டியில் போட்டான். புல்டோசர் தடுப்பாட்டக்காரன், ஆறடி மூன்று அங்குலம். "எதிர் டீம் ரவுடிங்கதான்னு போலீஸ்ல சொன்னாங்க. யாரும் மாட்டலை."

"ஒன்பதுல எத்தனையாவது இடம்?"

"முதலாவது."

"பதினெட்டுல?"

கோச் சிவப்பு எண்ணைப் பார்த்தார். "முதலாவது."

"கீழே இருந்த வாரமெல்லாம் எல்லாருக்கும் உடம்பு சௌக்கியம்," என்றான் கொசு. "மேலே ஏறினா மட்டும் யாரோ காலை வாரியிருக்கான்."

"வந்தது வெளியாள் இல்லை. இந்தச் சுவரைத் தினமும் பார்க்கிறவன்," என்றாள் அண்ணி.

சலவை அக்கா அழுக்கு சாக்ஸ் மலைக்கு நடுவே உட்கார்ந்து ஒரு ஜெர்சிக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டாம் எண், ஸ்டெப்னியுடையது.

"இருபத்தொன்பது தடவை இதைத் துவைச்சிருக்கேன். ஒரு தடவைகூடச் சேறு பட்டதில்லை," என்றாள். "இன்னிக்காவது அழுக்காகுமான்னு பார்த்தேன். அந்த மனுஷனைப் போய்ப் பிடிச்சு வெச்சிருக்காங்களே, இவங்க நல்லா இருப்பாங்களா?"

"காலைல வெட்டின டேப்பை எங்கே போட்டீங்க?"

"இதோ, இந்தக் கூடைலதான். அந்த ரத்தத்தைப் பார்க்க முடியாம உருட்டி எறிஞ்சுட்டேன்."

கொசு மூக்கைப் பொத்திக்கொண்டு சாக்ஸ் மலையைத் தோண்டினான். கசங்கிய வெள்ளை உருண்டை ஒன்று வந்தது. அண்ணி அதைப் பிரித்தாள். வெளியே வெள்ளை டேப். உள்பக்கம், தோலில் படுகிற இடத்தில், மஞ்சளாக மெல்லிய பஞ்சுப் பட்டை ஒன்று மூன்று சுற்று ஓடியிருந்தது.

"தோலுக்கு மேல முதல்ல பஞ்சு, பஞ்சுக்கு மேல டேப்பு," என்றான் கொசு. "ஆளைக் கட்டிப் போட்டு விரலை உடைக்க வந்தவன் எதுக்கு அண்ணி பஞ்செல்லாம் சுத்தணும்?"

அண்ணியின் கை தானாகப் பின்னால் போய் முடியைச் சேர்த்தது. அண்ணி கொண்டை போட்டால் யாரோ மாட்டினார்கள் என்று கொசுவுக்குத் தெரியும். ஆனால் பாதியில் நிறுத்திவிட்டாள். இன்னும் ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது.

ஸ்டெப்னியைக் கருவிகள் வைக்கிற அறையில், மடித்து வைத்த வலைகளின் மேல் உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் ஒரு கான்ஸ்டபிள். ஸ்டெப்னி கோபப்படவும் இல்லை, அழவும் இல்லை. டாக்டர் இன்னும் கூப்பிடவில்லையே என்று காத்திருக்கிற நோயாளியைப் போல உட்கார்ந்திருந்தார்.

"தினமும் ஏன் எட்டு மணிக்கே வர்றீங்க?"

"எல்லாரும் வந்தப்புறம் கோல் போஸ்ட் எனக்குக் கிடைக்காதும்மா. அதுக்குள்ள தனியா அரை மணி நேரம் குதிச்சுக்குவேன்."

"சாக்ஸைக் கழட்டுங்க."

தயங்கிவிட்டுக் கழற்றினார். இரண்டு கணுக்காலிலும் ஒரு முடி இல்லை. தோல் உரிந்து, ஆறி, மறுபடி உரிந்து, தடித்துப் போயிருந்தது. சில இடங்களில் பச்சையாக ரணம்.

"பஞ்சு சுத்த மாட்டீங்களா?"

ஸ்டெப்னி சிரித்தார். "அதெல்லாம் மைதானத்துல இறங்குறவங்களுக்கும்மா. நான் நேரா ஒட்டி நேரா பிய்ச்சுடுவேன். பழகிடுச்சு."

தன் காலுக்கே பஞ்சு வைக்காதவர் அடுத்தவன் கைக்கா வைக்கப் போகிறார்? கொசுவுக்கே புரிந்துவிட்டது. புரிந்த வேகத்தில் அடுத்ததும் புரிந்தது.

"இறங்குறவங்களுக்குத்தான் பஞ்சு! அப்ப இறங்குற பதினோரு பேர்ல ஒருத்தன்! போன வாரம் மூணு கோல் விட்டதுக்குக் கரடியோட சட்டையைப் பிடிச்சது யாரு? புல்டோசர்!"

"கொசு, நில்லு," என்றாள் அண்ணி. கொசு அதற்குள் டிரஸ்ஸிங் ரூமில் இருந்தான்.

அங்கே நடந்ததைக் கொசு பிற்காலத்தில் வேறு மாதிரி சொல்வான். நடந்தது இதுதான். "காலைல எட்டு மணிக்கு எங்கடா இருந்தே?" என்று கேட்டான். புல்டோசர் எழுந்தான். எழுந்துகொண்டே இருந்தான், அவ்வளவு உயரம். பிறகு கொசுவைச் சட்டைக் காலரோடு தூக்கி லாக்கர் வரிசையில் எறிந்தான். தகரக் கதவு ஒன்று உள்பக்கமாக நெளிந்தது. கீழே விழுந்தவனை மறுபடி தூக்கி, முகத்தில் ஒன்று வைத்தான். கொசுவின் கீழுதடு கிழிந்து தாடையில் சூடாக இறங்கியது. மூன்றாவது தடவை தூக்குவதற்குள் நான்கு பேர் புல்டோசரின் முதுகில் தொங்கினார்கள்.

"என் முட்டியை உடைச்சுட்டு எவனோ போனான்! அவனைப் பிடிக்கத் துப்பு இல்லை, என்னைக் கேட்க வந்துட்டான்!" என்று கத்தினான். கண்ணில் தண்ணீர் நின்றது. "தைலம் அண்ணன் இல்லேன்னா நான் இன்னிக்கு நொண்டி!"

கொசுவைத் தரையிலிருந்து எடுத்து உட்கார வைத்தது அந்தத் தைலம் அண்ணன்தான். கிளப்பின் பிசியோ. ஐம்பது வயது. பக்கத்தில் வந்தாலே தைல வாசனை வரும், அதனால் அந்தப் பெயர். பத்தொன்பது வருஷமாக இந்த அணியின் கால்கள் அவர் கையில்தான். ஒன்பதரைக்கு வந்ததும் கரடியின் விரல்களுக்கு அவர் வைத்த கட்டைப் பார்த்து, ஆஸ்பத்திரி டாக்டரே அசந்துபோய், யார் வைத்தது என்று கேட்டாராம்.

"அசையாதப்பா," என்று உதட்டைப் பஞ்சால் ஒற்றினார். "எரியும். ஊதுறேன்." ஊதினார். கொசுவுக்கு அம்மா ஞாபகம் வந்தது. "அந்த ஸ்டெப்னியும் பாவம்தான். வருஷக்கணக்கா உட்கார்ந்தே இருந்தா மனுஷனுக்குப் புத்தி எப்படி எப்படியோ போகும்."

வாசலில் நின்ற அண்ணி கொசுவைச் சைகையால் பாதைக்குக் கூப்பிட்டு, காதில் ஏதோ சொன்னாள்.

"அண்ணி, அதுக்கு ஆறு மாசம் உள்ளே போடுவாங்க!"

"நான் வெளியே எடுக்கிறேன். போ."

மணி மூன்று அடித்தபோது வெளியே ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது. மைதானத்தில் கூட்டம் நிரம்பத் தொடங்கி, இரைச்சல் சுவர் வழியாக வந்தது. இன்ஸ்பெக்டர் சுத்தியல் உறையை மசாஜ் அறை மேசையில் வைத்துவிட்டு, ஸ்டெப்னியைக் கொண்டு வரச் சொன்னார். கோச், கரடி, புல்டோசர் எல்லோரும் வாசலில் நின்றார்கள். இன்ஸ்பெக்டர் இடுப்பில் கை வைத்தார். இந்தப் பக்கம் தடவினார். அந்தப் பக்கம் தடவினார்.

"கைவிலங்கு எங்கேய்யா?"

கான்ஸ்டபிள் விழித்தார். கொசு ஜன்னலுக்கு வெளியே மேகம் எப்படியிருக்கிறது என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சும்மா எப்படி சார் கூட்டிட்டுப் போவீங்க? இவ்வளவு கூட்டத்துல ஓடிட்டா?" என்றாள் அண்ணி. "தைலம் அண்ணே, உங்ககிட்ட டேப்பு இருக்குமே. அவர் கையைக் கொஞ்சம் கட்டி விடுங்களேன்."

"அதுக்கென்னம்மா," என்றார் தைலம். இழுப்பறையைத் திறந்தார். "வா தம்பி. கையைச் சேர்த்து நீட்டு. இறுகினா சொல்லு."

ஸ்டெப்னி நீட்டினார். சுவருக்கு அப்பால் யாரோ முரசு தட்ட ஆரம்பித்தார்கள். தைலத்தின் கை சுற்றியது. ஒரு சுற்று, இரண்டு, மூன்று. பிறகு டேப்பை எடுத்தார், சுற்றினார், பல்லால் கிழித்தார், விரலால் ஓரத்தை நீவி ஒட்டினார். கட்டு அழகாக இருந்தது.

அண்ணி கொண்டையை முழுசாகப் போட்டு முடித்திருந்தாள்.

"அண்ணே, இப்ப என்ன சுத்தினீங்க?"

"டேப்பு."

"அதுக்கு முன்னாடி?"

தைலம் தன் கையைப் பார்த்தார். இடது உள்ளங்கையில் மஞ்சள் பஞ்சுச் சுருள் இருந்தது. அதை எப்போது எடுத்தார் என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"போலீஸ் கயிறு போட்டுக் கட்டும்," என்றாள் அண்ணி. "ரவுடி கிடைச்சதை வெச்சுக் கட்டுவான். இந்தப் பசங்க காலை நீட்டிப் படுத்துக்குவாங்க, சுத்துறது எப்படின்னு ஒருத்தனுக்கும் தெரியாது. ஸ்டெப்னி தன் காலுக்கே பஞ்சு வெச்சதில்லை. டேப்பைத் தோல்ல நேரா ஒட்ட மனசு வராத கை இந்தக் கட்டடத்துல ஒண்ணுதான் இருக்கு. விரலை உடைக்கணும்னு உங்க மண்டை சொல்லிச்சு. ஆனா முடி பிடுங்கக் கூடாதுன்னு உங்க கை நினைச்சுக்கிச்சு. காலைல எட்டு மணிக்கும் அப்படித்தான், இப்பவும் அப்படித்தான்."

பிறகு எல்லாம் ஒன்றாக நடந்தது.

தைலம் மேசையிலிருந்த சுத்தியலை உறையோடு அள்ளினார். முதல் வீச்சு இன்ஸ்பெக்டரின் முழங்கையில் விழுந்தது. எலும்பு சடக்கென்றது எல்லோருக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டர் மடங்கி விழுந்தார். குறுக்கே பாய்ந்த கொசுவின் வயிற்றில் ஒரு உதை. அவன் மருந்து அலமாரியோடு சேர்ந்து சரிந்தான். கண்ணாடி அவன் முதுகில் நொறுங்கியது. பாட்டில்கள் உடைந்து தைலமும் ரத்தமும் கலந்து ஓடின. தரையில் கிடந்தபடியே கொசு பார்த்தான். சுத்தியல் மறுபடி உயர்ந்தது. அதற்கு நேர் கீழே அண்ணியின் தலை. அண்ணி சுவரில் முதுகு ஒட்டி நின்றாள், ஒதுங்க இடமில்லை.

ஸ்டெப்னி பறந்தார். மேசைக்கு மேலாக உடம்பு நீளவாக்கில் வந்தது. கட்டியிருந்த இரண்டு முஷ்டியும் சேர்ந்து, கார்னர் பந்தைக் குத்துவதைப் போலச் சுத்தியல் பிடித்த கையைக் குத்தின. சுத்தியல் எகிறிப் போய்ச் சுவர்க் கண்ணாடியைப் பிளந்தது. ஸ்டெப்னி வலது கால் மடங்கத் தரையில் விழுந்தார். சீசனில் அவர் தடுத்த முதல் பந்து அது.

அதற்குள் புல்டோசர் தைலத்தைக் குப்புறத் தள்ளி, முதுகில் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"சார், இது கீழே கிடந்துச்சு," என்று கொசு ஊர்ந்து வந்து விலங்கை கான்ஸ்டபிளிடம் நீட்டினான். யாரும் எங்கே கிடந்தது என்று கேட்கும் நிலையில் இல்லை.

"என் முட்டியும் நீதானா?" புல்டோசரின் குரல் சின்னப் பிள்ளையுடையது போலிருந்தது. "ஆறு வாரம். தினமும் ரெண்டு வேளை வீட்டுக்கு வந்து நீவி விட்டியேண்ணே. எனக்குச் சோறு ஊட்டினியே."

தைலம் தரையில் கன்னத்தை வைத்தபடி பேசினார். "நானேதான்டா. எங்கே அடிச்சா திரும்ப நல்லாகும்னு எனக்குத் தெரியும். பார்த்துத்தான்டா அடிச்சேன். உன் முட்டி சரியாயிடுச்சா இல்லையா? கரடிக்கும் மூணு மாசத்துல சரியாயிடும். நானே சரி பண்ணியிருப்பேன்."

"ஏண்ணே?" என்றார் கோச்.

"முதல் டிவிஷன்ல பட்டம் வாங்கின பிசியோதான் இருக்கணுமாம். லீக்லேர்ந்து கடிதம் வந்துச்சே, நீங்கதானே படிச்சுக் காட்டினீங்க? 'கவலைப்படாதீங்கண்ணே, முதல்ல மேலே போவோம்'னு சிரிச்சீங்க. எனக்கு ஏது பட்டம்? பத்தொன்பது வருஷம் இந்த ரூமு. நீங்க எல்லாரும் மேலே போனா நான் மட்டும் வெளியே போகணும்." மூக்கை உறிஞ்சினார். கரடி திடுக்கிட்டு அவரைப் பார்த்தார். காலையில் சாக்குக்குள் கேட்ட அதே உறிஞ்சல். சளி இல்லை அது.

"கரடியை உடைச்சு, ஸ்டெப்னி தலைல பழியைப் போட்டா, ஒரே சுத்தியல்ல ரெண்டு கீப்பரும் காலி," என்றாள் அண்ணி. அவள் குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை. கொண்டை அவிழ்ந்து தோளில் விழுந்ததை அவள் கவனிக்கவே இல்லை. கொசு அதைப் பார்த்தான். வாழ்நாளில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றான்.

மூன்றரை. நடுவர் ஆள் அனுப்பிவிட்டார், பட்டியல் வேண்டும் என்று. கோச் ஸ்டெப்னியின் கட்டை வெட்டி விட்டார். மஞ்சள் பஞ்சோடு டேப் கழன்று வந்தது, மணிக்கட்டில் ஒரு சுவடும் இல்லை. ஸ்டெப்னி எழுந்து வலது காலை ஊன்றினார். உடனே உட்கார்ந்துவிட்டார். கணுக்கால் ஏற்கனவே வீங்கியிருந்தது.

கோச் முகத்தை மூடிக்கொண்டார். "முடிஞ்சது."

"முடியலை," என்றது தரையிலிருந்து ஒரு குரல். கான்ஸ்டபிள் தைலத்தைத் தூக்கிச் சுவரோரம் உட்கார வைத்திருந்தார். கையில் விலங்கு. கண் மட்டும் அந்தக் கணுக்காலிலேயே இருந்தது. "உள்பக்கம் பிரளலை, வெளிப்பக்கம்தான். குதிகாலைப் பூட்டி எட்டு மாதிரிச் சுத்தினா தொண்ணூறு நிமிஷம் தாங்கும். சார், இதைக் கழட்டி விடுங்க. ஆறு நிமிஷம் போதும். அப்புறம் எங்கே வேணா கூட்டிட்டுப் போங்க."

இன்ஸ்பெக்டர் உடைந்த கையைப் பிடித்தபடி கோச்சைப் பார்த்தார். கோச் ஸ்டெப்னியைப் பார்த்தார். தைலம் காலை நீட்டி, தரையில் கிடந்த மஞ்சள் சுருளை ஸ்டெப்னி பக்கம் மெதுவாக உருட்டி விட்டார்.

"நல்லா மெத்து மெத்துனு சுத்தி விடறேன் தம்பி. உனக்கு நான் ஒரு தடவைகூடச் சுத்தினதில்லையே."

ஸ்டெப்னி அந்தச் சுருளைக் கையில் எடுத்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். இத்தனை வருஷமும் அடுத்தவர் காலில் மட்டுமே பார்த்த பொருள். கொசு மனசுக்குள் வாங்கிக்கோய்யா என்றான், வாங்காதே என்றும் சொன்னான்.

ஸ்டெப்னி சுருளை மேசை மேல் வைத்தார். பக்கத்திலிருந்த வெள்ளை டேப்பை எடுத்தார். காலை முட்டி மேல் போட்டு, ரணமான தோலின் மேல் நேராக ஒட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துச் சுற்றினார். குதிகாலைப் பூட்டி, எட்டு மாதிரி. பார்த்துப் பார்த்தே கற்றிருந்தார். முடித்துவிட்டு எழுந்து ஊன்றினார். நின்றார். சலவை அக்கா வாசலிலிருந்து இருபத்திரண்டாம் எண்ணை நீட்டினாள். தலையில் மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல், இரைச்சல் வந்த திசையில் நொண்டாமல் நடந்தார்.

விலங்கு மாட்டியபோது அழாத தைலம் அப்போதுதான் உடைந்தார். எழுந்திருக்கப் பார்த்தார். கான்ஸ்டபிள் தோளை அழுத்தினார்.

"யாராவது போய்ச் சொல்லுங்கப்பா," என்று காலியான பாதையைப் பார்த்துக் கத்தினார். "பிய்க்கும்போது தோலோட வந்துடும்! தோலோட வந்துடும்பா!"